பழகும் நோவும் பழகாத நோவும்

நம் வீடுகளில் மிக இலகுவாக வாயில் வரும் வார்த்தை, "பழகினால் சரியாகிவிடும்" என்பது. புதுச் சப்பாத்து காலைக் கடித்தாலும் இதைத்தான் சொல்கிறோம். புதுப் பாடசாலையில் சேர்ந்த பிள்ளை அழுதாலும் இதைத்தான் சொல்கிறோம். மணமுடித்துச் சென்ற மகள் தொலைபேசியில் விம்மினாலும் இதைத்தான் சொல்கிறோம். பல வேளைகளில் இது உண்மை. சில வேளைகளில் இதைப் போல ஆபத்தான வார்த்தை வேறில்லை. எந்த நோவு பழகும், எந்த நோவு பழகாது என்று பிரித்தறியும் வழியை ஒரு சப்பாத்துக் கடைக்காரர் எனக்கு மிகத் தெளிவாக விளக்கினார். அதனை இந்தப் பக்கத்தைப் படிக்கும் தாய்மாரோடும் சகோதரிகளோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தங்கை குடும்பத்தோடு கனடாவில், ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோ பகுதியில் வாழ்கிறாள். 2022 டிசம்பரில் மச்சான் டிக்கட் அனுப்பி அழைத்தார். மூன்று வாரங்கள் அவர்களோடு தங்கியிருந்தேன். அவர்கள் அங்கு குடியேறி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மருமகனுக்கு வயது 10. ஊரில் இருந்தபோது வாய் ஓயாமல் கதைக்கும் பிள்ளை. அங்கே நான் கண்டபோது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளையாக மாறியிருந்தான்.

நம் நாட்டில் ஹொக்கி என்றால் மைதானத்தில் ஓடி விளையாடுவது. மாத்தளைவாசிகளுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கனடாவில் ஹொக்கி என்றால் ஐஸின் மீது சறுக்கி விளையாடுவது. 1994ஆம் ஆண்டு அந்நாட்டில் சட்டம் இயற்றியே அதனைக் குளிர்காலத் தேசிய விளையாட்டாக ஆக்கியிருக்கிறார்கள். மாநகர சபை திறந்த வெளிகளில் ஐஸ் தளங்களை அமைத்திருக்கிறது. ஸ்காபரோவின் அல்பர்ட் கெம்பல் சதுக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. பாடசாலைகளும் பிள்ளைகளை வகுப்போடு சறுக்க அழைத்துச் செல்கின்றன. அங்கே சறுக்கத் தெரியாத பிள்ளை, நம் ஊரில் கிரிக்கட் மட்டையைத் தொடாத பிள்ளையைப் போல. கூட்டாளி சேர்வது கஷ்டம்.

இந்த விளையாட்டுக்குரிய சப்பாத்து தனி வகை. கரண்டைக்கு மேலே வரை உயர்ந்த, பலகை போன்ற கெட்டியான சப்பாத்து. அதன் அடியில் நீளவாக்கில் ஓர் உருக்கு அலகு பொருத்தப்பட்டிருக்கும். அலகின் அடிப்பகுதி தட்டையாக இராது. நடுவில் மெல்லிய பள்ளமும் இரு ஓரங்களிலும் கூரும் இருக்கும். அந்த இரு கூர்களை நம்பித்தான் ஆள் ஐஸின் மீது நிற்கிறான், திரும்புகிறான், நிறுத்துகிறான்.

மச்சான் மகனுக்கு ஒரு சோடி பழைய சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தார். பிள்ளை சாதாரணமாக அணிவது 4ஆம் இலக்கம். வளரும் பிள்ளையாயிற்றே, இரண்டு வருடத்துக்குப் போகட்டும் என்று 5ஆம் இலக்கத்தில் எடுத்திருந்தார். பெருநாளுக்கு உடுப்புத் தைக்கும்போது கூட, "கொஞ்சம் லூஸா வையுங்க, அடுத்த பெருநாளைக்கும் போடலாம்" என்று தையற்காரரிடம் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அவர் செய்ததில் புதுமையில்லை. சப்பாத்துக்குள் இடைவெளி தெரியாதிருக்கத் தங்கை இரண்டு சோடித் தடித்த மேஸ் போட்டு அனுப்பினாள்.

பிள்ளை ஐஸில் இறங்கியதும் இரு கரண்டைகளும் உட்பக்கம் மடிந்தன. எழுந்தான், விழுந்தான். வகுப்போடு போன அன்று, வயிறு நோவுது என்று சொல்லிவிட்டு வாங்கிலேயே உட்கார்ந்து வந்தானாம். "பயந்த புள்ள", "சோம்பேறி" என்று பெயரும் கிடைத்துவிட்டது. "பழகிடும் மகன், எல்லாப் புள்ளைகளும் அப்படித்தான் பழகினது" என்று வாப்பா அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உண்மையை முதலில் கண்டது தாயின் கண்தான். ஒரு நாள் அஸருக்கு வுழூச் செய்யும்போது மகன் குதிகாலில் தண்ணீர் பட்டதும் காலை இழுத்துக்கொண்டதைத் தங்கை கவனித்தாள். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அன்றிரவு மச்சானிடம் அவள் சொன்னாள்: "அவன் சோம்பேறியில்ல. கால் அழிஞ்சி போயிருக்கு. தெரிஞ்ச ஆளுக்கிட்டக் காட்டுவோம். நாநாவும் வாங்க."

மறுநாள் மூவரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனோம். அங்கே சறுக்குச் சப்பாத்துகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் வயது முதிர்ந்த வெள்ளைக்காரர். பழைய சோடியை ஒரு தரம் பார்த்தார். பின்பு பிள்ளையின் முன்னால் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அவனை எழுந்து நிற்கச் செய்து இரு பாதங்களையும் அளந்தார். உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் பாதம், உடம்பின் பாரம் இறங்கியதும் சற்று நீளும் என்றார். இடது பாதம் வலதைவிடச் சிறிது பெரிதாக இருந்தது. பெரிய பாதத்துக்கே அளவு பார்க்க வேண்டும் என்றார்.

அடுத்து அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் புதினமாக இருந்தது. ஹொக்கிச் சப்பாத்தின் இலக்கம் சாதாரணச் சப்பாத்தின் இலக்கத்தைவிட வழமையாக ஒன்று அல்லது ஒன்றரை குறைவாகவே இருக்கும். 4ஆம் இலக்கம் அணியும் பிள்ளைக்குத் தேவை 3 அல்லது இரண்டரை. அப்படியானால் அவன் இத்தனை நாளும் மாட்டிக்கொண்டு விழுந்தெழும்பியது தன் அளவைவிட இரண்டு இலக்கமாவது பெரிய சப்பாத்தில்! கால் உள்ளே அசைந்தால் கரண்டைக்குப் பிடிப்பில்லை. பிடிப்பில்லாவிட்டால் அலகின் கூரில் நிற்க முடியாது. குதிகால் மேலும் கீழும் உரசும்போது தோல் கொப்புளித்து உரியும். இப்படியொரு சப்பாத்தில் யாரும் பழக முடியாது என்று அவர் முடித்தார்.

மச்சான் என்னைப் பார்த்தார். பின்பு மகனின் தலையைத் தடவிவிட்டார். ஒன்றும் பேசவில்லை.

3ஆம் இலக்கத்தைப் போடும்போது பிள்ளை "பிஸ்மில்லாஹ்" சொல்லி வலது காலை முதலில் நுழைத்தான். சப்பாத்து அணியும்போது வலதையும் கழற்றும்போது இடதையும் முற்படுத்துவது நம் நபியவர்கள் (ஸல்) கற்றுத்தந்த ஒழுக்கம். ஊரில் மத்ரஸாவில் படித்தது மறக்கவில்லையென்று எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

பெரியவர் நான்கு விதமாகச் சோதித்தார். முதலில் நாடாவைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் தம் விரலை நுழைத்துப் பார்த்தார். ஒரு விரலுக்கு மேல் நுழைந்தால் சப்பாத்து பெரிது. இரண்டாவது, குதிகாலைத் தரையில் மெதுவாகத் தட்டிப் பின்னே இருத்தி, நாடாவைக் கட்டி நிற்கச் செய்தார். நேராக நிற்கும்போது விரல் நுனிகள் முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் அதிலிருந்து சற்று விலக வேண்டும். விரல்கள் மடங்கியிருந்தால் சப்பாத்து சிறிது. மூன்றாவது, நாடாவைத் தளர்த்தி நாக்கை முன்னே இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது நாடாத் துளைகளுக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வைத்தார். பென்சில் பாதத்தில் முட்டாமல் இரு பக்கத்து ஓரங்களிலும் படிந்தால் ஆழம் போதுமானது. நான்காவது, முழங்காலை மடித்து முன்னே சாயச் செய்து குதிகால் தூக்குகிறதா என்று பார்த்தார். தூக்கக் கூடாது.

தடித்த மேஸ் இரண்டையும் கழற்றி, மெல்லியது ஒன்று மட்டும் போதும் என்றார். தடித்தவை உள்ளே சுருங்கி இன்னும் கொப்புளம் எழுப்புமாம்.

மச்சான் தயங்கித் தயங்கி, "அரை இலக்கமாவது கூட்டி எடுத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகுமே" என்று கேட்டார். வளரும் பிள்ளைக்கு அரை இலக்கம்தான் எல்லை. இந்தப் பிள்ளைக்கு 3ஆம் இலக்கத்திலேயே அந்த இடம் இருக்கிறது. அதற்கு மேல் தர மாட்டேன் என்றார் பெரியவர். சப்பாத்து அடுத்த வருடத்துக் காலுக்கு அல்ல, இன்றைக்குச் சறுக்கும் காலுக்கு என்றும் சொன்னார். விலை கூடியதை விற்பதற்கு அவர் முயலவில்லை. எந்த மதத்தவராயினும் செய்யும் தொழிலைச் செவ்வையாகச் செய்யும் மனிதரைக் கண்டால் நம் மார்க்கம் விரும்பும் பண்பொன்றைக் கண்ட மகிழ்ச்சி ஏற்படுகிறது.

பின்பு ஒரு வேடிக்கை நடந்தது. புதுச் சப்பாத்தை ஒரு சிறிய மின்போறணைக்குள் வைத்தார்! ஏறக்குறைய 80 பாகை செல்சியஸில் சில நிமிடங்கள். எல்லாச் சப்பாத்தையும் இப்படிச் சூடாக்க முடியாது, தயாரித்தவர்கள் அனுமதித்த வகைகளை மட்டுமே; வீட்டுப் போறணையில் செய்து பார்க்க வேண்டாம் என்று தங்கையிடம் எச்சரித்தார். இளகிய சப்பாத்தைப் பிள்ளையின் காலில் மாட்டி, நாடாவை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினார். சூட்டில் மேல்நோக்கி இழுத்தால் துளைகள் பிய்ந்துவிடுமாம். பதினைந்து நிமிடம் எழுந்து நிற்காமல் கதிரையில் அசையாமல் இருக்க வேண்டும். சூடு ஆற ஆறச் சப்பாத்து காலின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. கடைசியாக அலகைத் தீட்டித் தந்து, ஒரு நாள் கழித்தே ஐஸில் இறங்க வேண்டும் என்றார்.

விடைபெறும்போது அவர் சொன்னதுதான் முக்கியமானது. "இதுவும் நோகும். சப்பாத்து பழக ஐஸின் மீது ஆறு முதல் பத்து மணித்தியாலம் எடுக்கும். ஆனால் நோவு இரண்டு வகை. பாதம் முழுவதும் பரவலாக, இரண்டு காலிலும் ஒரே மாதிரி, களைப்பைப் போல நொந்து, சப்பாத்தைக் கழற்றியதும் குறைந்து, ஒவ்வொரு நாளும் நேற்றையதைவிடக் கொஞ்சம் இலேசானால் அது பழகும் நோவு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில், ஊசி குத்துவது போல, கழற்றிய பின்னும் நின்று, நாளுக்கு நாள் கூடினால், அல்லது விரல்கள் மரத்துப்போனால், அது பழகாத நோவு. அதோடு பிள்ளையை விளையாட விடாதீர்கள். இங்கே கொண்டுவாருங்கள்."

தங்கை வீட்டுக்கு வந்ததும் இதனைச் சமையல் குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள்.

முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே பழக்கம். அலகுகளுக்கு உறை மாட்டி, கம்பளத்தின் மேல் இருபது நிமிடம் நிற்பதும் நடப்பதும். குசினியில் தங்கை தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருப்பாள். இவன் தாரா நடப்பது போல நடந்து அவளிடம் போய் வருவான். நான் கதிரையில் இருந்து அம்ம ஜுஸ்உவை ஓதிக் கேட்பேன். "மாமா, வுழூச் செய்யக்குள்ள இதுக்கு மேல மஸ்ஹு செஞ்சா சரியா?" என்று ஒரு நாள் கேட்டான். சிரிப்பு வந்துவிட்டது. முழு வுழூவோடு போட்டிருக்க வேண்டும், கரண்டையை மறைக்க வேண்டும் என்பதோடு அதனைப் போட்டுக்கொண்டு போக்குவரத்துச் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று நம் ஷாஃபிஈ மத்ஹபில் நிபந்தனை உண்டு. இதைப் போட்டுக்கொண்டு நீ பள்ளிவாசலுக்கு நடந்து போவாயா என்று கேட்டேன். அவனும் சிரித்தான். நான் போன பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

டிசம்பரில் அங்கே மாலை நாலே முக்காலுக்கு முன்பே மஃரிப் ஆகிவிடுகிறது. ஆகவே லுஹரைத் தொழுதுவிட்டுப் போய், அரை மணித்தியாலம் சறுக்கி, அஸருக்கு வீடு திரும்புவோம். வந்ததும் தாய் அலகின் ஈரத்தைத் துணியால் துடைப்பாள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டால் துருப்பிடித்துவிடும்.

முதல் நாள் உள்ளங்கால் முழுவதும் நோவுது என்றான். மச்சானின் முகம் வாடியது. "சரியான அளவும் நோவுதே" என்றார். தங்கை கொப்பியைத் திறந்து பார்த்து, "ரெண்டு காலுமா? கழற்றினா குறையுதா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் ஆம் என்றான். பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டாம் நாள் குறைவு. மூன்றாம் நாள் இன்னும் குறைவு. நான்காம் நாள் வேறொன்றைச் சொன்னான். இடது கரண்டையின் வெளிப்பக்க எலும்பில் மட்டும் குத்துகிறது. கழற்றிய பின்னும், படுக்கும்போதும் நின்றது. "பழகிடும்" என்று இம்முறை ஒருவரும் சொல்லவில்லை. மறுநாளே கடைக்குப் போனோம்.

பெரியவர் சப்பாத்தைக் குறை சொல்லவில்லை. காலையும் குறை சொல்லவில்லை. எலும்பு முட்டும் இடத்தை அடையாளமிட்டு, அந்த இடத்தை மட்டும் சூடாக்கி, ஒரு கருவியால் உள்ளிருந்து வெளியே சற்றுத் தள்ளிவிட்டார். சிறிது நேரத்தில் வேலை முடிந்தது. அடுத்த வாரம் பிள்ளை ஓரக் கட்டையைப் பிடிக்காமல் நடு ஐஸுக்குப் போனான். நான் ஊர் திரும்பும் முன், வகுப்புத் தோழன் ஒருவன் தடியைக் கொடுத்து இவனையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். சோம்பேறி என்று பெயரெடுத்த பிள்ளை அவன்தான். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, நான் இருபது வருடங்களாக அரபுக் கல்லூரியில் கற்பிப்பவன். ஒவ்வொரு வருடமும் சிறுவர்கள் பெட்டியும் பாயுமாக வந்து சேர்கிறார்கள். முதல் வாரத்தில் அழாத பிள்ளை அபூர்வம். உம்மாவின் நினைவு, விடுதிச் சாப்பாடு, அதிகாலையில் எழும்புதல். இந்த அழுகை எல்லாவற்றுக்குமாகப் பொதுவாக இருக்கும். அஸருக்குப் பின் பந்து கையில் கிடைத்தால் மறந்துபோகும். ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். இதனைப் பொறுக்கக் கற்றுக்கொடுப்பதும் தர்பியத்தான்.

இன்னொரு அழுகை உண்டு. அது ஒரே இடத்தைச் சுற்றும். ஒரே பாடம், ஒரே நேரம், அல்லது ஒரே ஆள். நாள் போகப் போகக் கூடும். ஹிப்ழுப் பிரிவில் ஒரு மாணவன் சபக் நேரம் வந்தால் மட்டும் நடுங்குவான். மற்ற நேரமெல்லாம் குதித்துத் திரிவான். அவனுடைய உஸ்தாத் அவனை அருகில் அழைத்து, முஸ்ஹபை எவ்வளவு கிட்ட வைத்து ஓதுகிறான் என்று கவனித்துப் பார்த்துக் கண் வைத்தியரிடம் அனுப்பினார். கண்ணாடி வந்தது. நடுக்கம் போனது. "பழகிவிடும்" என்று விட்டிருந்தால் ஒரு ஹாபிழை இழந்திருப்போம். உஸ்தாதின் பெயரையோ கூடப் படிக்கும் பிள்ளையின் பெயரையோ கேட்டாலே உங்கள் பிள்ளையின் முகம் மாறுகிறதென்றால் அதை இன்னும் பாரமாக எடுங்கள். தனியே உட்கார்த்திக் கேளுங்கள். உடனே நேரில் வாருங்கள். அதனை ஒரு நாளும் பழகும் நோவாகக் கருதாதீர்கள்.

மணவாழ்க்கையும் அப்படித்தான். கிழக்கிலே மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். மற்றப் பகுதிகளில் பல வீடுகளில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறாள். யார் எங்கே போனாலும் புது வீடு புதுச் சப்பாத்துதான். கறியின் உறைப்பு, மாமியின் பேச்சு, தூங்கி எழும்பும் நேரம், கைச்செலவின் கணக்கு எல்லாம் கொஞ்சம் கடிக்கும். இரு பக்கமும் இளகிக் கொடுத்தால் ஒரு வருடத்தில் பழகிவிடும். இதற்கெல்லாம் தாய்வீட்டுக்கு ஓடிவருவது புத்தியல்ல. ஆனால் கை நீட்டி அடிப்பது, பெற்றாரைப் பேசிப் புண்படுத்துவது, சீதனத்தைச் சொல்லிக் குத்துவது, சாப்பாட்டையும் வைத்தியத்தையும் மறுப்பது ஆகியவை பழகும் நோவுகள் அல்ல. இவற்றுக்கு "பொறுமையாக இரு மகள்" என்பது மருந்துமல்ல. பொறுமை மார்க்கத்தில் உயர்ந்த பண்பு. அநியாயத்துக்குத் திரை போடுவதற்காக அது நமக்குச் சொல்லித் தரப்படவில்லை.

இங்கே நம் மக்கள் அடிக்கடி மறக்கும் ஒன்றும் உண்டு. பொறுத்துக்கொள்வதும் கழற்றி எறிவதும் மட்டுமே வழிகள் அல்ல. எலும்பு முட்டும் இடத்தை மட்டும் சரிசெய்யத் தெரிந்த ஆள் ஊரில் இருக்கலாம். கணவன் மனைவிக்கிடையில் பிணக்கு ஏற்படுமென்று அஞ்சினால் இரு குடும்பத்திலிருந்தும் நடுவர் ஒவ்வொருவரை நியமிக்கும்படி சூரத்துந் நிஸாவின் 35ஆம் வசனம் வழிகாட்டுகிறது. நடுவர் என்பவர் கூட்டம் கூட்டித் தீர்ப்புச் சொல்பவர் மட்டுமல்லர். முழங்காலிட்டு உட்கார்ந்து, எங்கே நோகிறது என்று விரல் வைத்துக் கேட்பவரும் அவரே. அப்படிப்பட்டவரிடம் போகும்போது காலம் தாழ்த்தக் கூடாது. புண் ஆழமான பின் எந்தக் கைவினைஞராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே இனிமேல் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையோ மகளோ மருமகளோ "நோகிறது" என்று சொன்னால், பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரே இடத்திலா, எல்லா இடத்திலுமா? ஓய்ந்திருக்கும்போது குறைகிறதா, நிற்கிறதா? நேற்றையதைவிட இன்று இலேசா, பாரமா? பதிலைக் கேட்ட பிறகு "பழகிவிடும்" என்று சொன்னால் அது ஆறுதல். கேட்காமல் சொன்னால் அது கதவை அடைப்பது.

எந்த ஆன்மாவையும் அதன் சக்தியளவே பொறுப்பாக்கும் வல்ல அல்லாஹ், நம் பொறுப்பில் இருப்பவர்கள்மீது அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமத்தாதவர்களாக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.